ஓட்டுநர் காலும் பல்கலைக் கழக ஏடும்

சென்னையிலிருந்து திருப்பதி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைக் கடந்ததும் வருவது திருப்பாச்சூர். பாசு என்றால் மூங்கில். மூங்கிற்காடு மண்டிக் கிடந்த இடமாதலால் ஊருக்கு இப்பெயர் என்பர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் என்பது பக்தர்கள் சொல்லும் பெருமை. இன்று அவ்வழியே போவோர் கண்ணில் முதலில் படுவது மூங்கிலுமன்று, கோபுரமுமன்று, லாரி! கும்மிடிப்பூண்டி ஆலைகளின் இரும்புக் கம்பி, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர், காக்களூர்த் தொழிற்பேட்டையின் சரக்கு என்று இந்த மாவட்டமே சக்கரத்தின் மீது உருண்டு கொண்டிருக்கிறது.

அந்தச் சக்கரத்தைச் செலுத்துவோனின் காலைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அரசியல் கட்டுரையில் காலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது வேலை, பொறுத்துக் கேளுங்கள்.

நாளெல்லாம் ஒரே இருக்கையில் மடங்கியிருக்கும் கால் அது. உறக்கத்தை விரட்டப் பீடி. பசியை மறக்கத் தேநீர். வேளை தவறிய சோறு. நாற்பது வயதுக்குள் நீரிழிவு. முதலில் நடந்தால் கெண்டைக்காலில் பிடிப்பு. பிறகு உட்கார்ந்திருந்தாலும் வலி. பிறகு ஆறாத புண். கடைசியில் விரல் கறுக்கிறது. புகைப்பழக்கமுள்ள இளைஞர்களின் கை கால்களில் சிறு குருதிக்குழாய்கள் அடைபட்டு அழுகும் நோயை 1908-ல் விரித்துரைத்தவர் நியூயார்க்கு மருத்துவர் லியோ பர்ஜர். மேனாட்டில் இன்று அந்நோய் அருகிவிட்டது. பீடி புகையும் நம் நாட்டில் அருகவில்லை. புகையை அறவே விடுவதைக் காட்டிலும் சிறந்த மருந்து இதற்கு இன்றளவும் கிடையாது. பதினான்கு மணி நேரம் விழித்திருக்க வேண்டியவனிடம் போய்ப் பீடியை விடு என்று சொல்வது எளிது. பதினான்கு மணி நேரத்தை எட்டாக்கு என்று அவன் முதலாளியிடம் சொல்ல எந்த மருத்துவருக்கு அதிகாரம் இருக்கிறது?

குருதிக்குழாய் அறுவை என்பது அண்மைக் காலத்து அற்புதம். அறுந்த குழாயைக் கசியாமல் தைக்கும் முறையை 1902-ல் வெளியிட்டவர் பிரான்சு நாட்டு அலெக்சிஸ் காரல். லியோன் நகரத்துப் பூத்தையல் செய்யும் பெண்மணியிடம் ஊசி பிடிக்கக் கற்றார் என்று கூறுவர். 1912-ல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1950களில் அமெரிக்க மருத்துவர் டிபேக்கி, வீட்டுத் தையல் இயந்திரத்தில் டாக்ரான் துணியைக் குழாயாகத் தைத்தார். அது மனிதனின் உடலுக்குள் குருதி ஓடும் பாதையாயிற்று. 1963-ல் தாமஸ் ஃபோகார்ட்டி, நுனியில் பலூன் கட்டிய மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அடைப்பை இழுத்தெடுக்கும் வழி கண்டார். ஊசி, துணி, பலூன்! தொழிலாளியின் கைப்பொருள்களைக் கொண்டு மனிதனின் காலைக் காத்த வரலாறு இது.

இந்த அறுவையில் கடலுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். குழாயைத் தைக்கும்போது குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தைச் செலுத்துவர். வேலை முடிந்ததும் அதன் வேகத்தை அடக்க வேண்டும்; இன்றேல் குருதி நில்லாது. அடக்கும் மருந்தின் பெயர் புரோட்டமின். சால்மன் மீனின் விந்திலிருந்து வந்த பொருள் அது. 1870களில் சுவிட்சர்லாந்து அறிஞர் மீஷர் ரைன் ஆற்றுச் சால்மனில் அதைக் கண்டார். ஹெப்பாரினை அது அடக்கும் என்று 1937-ல் எடுத்துக்காட்டினார்கள். இடையே அறுபது ஆண்டுக்கு மேல்! மீன் விந்தை ஆராய்கிறாயே, இதனால் யாருக்குப் பயன் என்று அன்றைக்கு மீஷரைக் கேட்டிருந்தால் அவர் என்ன விடை சொல்லியிருக்க முடியும்?

கடற்பஞ்சில் கண்ட வினோதமான மூலக்கூறுகளைப் பின்பற்றிப் பிறந்த சைட்டரபின், 1969 முதல் குருதிப் புற்றுநோய்க்கு மருந்தாக இருக்கிறது. கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து வந்த சிக்கோனோடைடு என்ற வலி மருந்து 2004-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு வித்திட்டவர் பிலிப்பைன்சு நாட்டு அறிஞர் பால்டொமெரோ ஒலிவெரா. ஆய்வுக் கருவிகளுக்கு வழியில்லாத நிலையில், கையருகே கிடைத்த சங்கை எடுத்து ஆராயத் தொடங்கினார். ஏழை நாட்டு அறிஞனுக்குக் கடற்கரையே ஆய்வுக்கூடமாயிற்று! நம் நாட்டிலும் பேராசிரியர் பலராம், கே.எஸ்.கிருஷ்ணன் போன்றோர் இந்தியக் கடற்சங்குகளின் நஞ்சை ஆராய்ந்தனர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக் கடல் உயிரியல் நிலையம், மண்டபத்தில் மீன், பாசி ஆராய்ச்சி நிலையங்கள், பள்ளிக்கரணையில் 1993-ல் அமைந்த தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் என்று தமிழ்நாட்டுக் கரையில் கல்விக்குப் பஞ்சமில்லை. ஆகவே, ஆர்வத்தால் செய்யும் ஆராய்ச்சியை வீண் என்று கூறும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான்.

என் கேள்வி வேறு. கடற்பஞ்சைக் கேட்கிறார்கள், குருதிக்குழாயைக் கேட்கிறார்கள். லாரியைக் கேட்பார் எங்கே?

லாரித் தொழிலின் கணக்கு ஒரு விந்தையான கணக்கு. பெரும்பாலான லாரிகள் பெரிய நிறுவனங்களுடையவை அல்ல. ஒன்று, இரண்டு, ஐந்து வண்டி வைத்திருப்போருடையவை. கடன் தவணை, டீசல், சுங்கச் சாவடி, டயர், இன்ஷூரன்ஸ், வழியில் கையூட்டு எல்லாம் போக மிஞ்சுவதே வருவாய். வாடகையை முடிவு செய்வது அவரல்லர். சரக்கு உடையவரும் புக்கிங் ஆபீசும். திரும்பி வரச் சரக்குக் கிடைக்காவிடில் போன நடையின் இலாபமும் போயிற்று. இத்தனை பேரும் தள்ளிவிடும் சுமை கடைசியில் எங்கே இறங்குகிறது? ஓட்டுநரின் உறக்கத்தில், அவன் காலில்.

இதற்கு ஒரு சட்டம் இருந்தது. 1961-ல் இயற்றிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு கட்டிற்று. ஆனால் ஐந்து தொழிலாளர் உள்ள இடத்திற்கே அது பொருந்தும் என்றார்கள். நான்கு பேரை வைத்திருப்பவர் தப்பினார். சரி, அந்த ஓட்டையையாவது அடைத்தார்களா? டில்லி ஆட்சியாளர் 2020-ல் கொண்டுவந்து 2025 நவம்பர் 21-ல் நடைமுறைப்படுத்திய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தை விழுங்கிவிட்டு, ஐந்தைப் பத்தாக்கிவிட்டது! ஓட்டை அடைபடவில்லை, வாயிலாக அகன்றது. லாரியின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2025 அக்டோபர் முதல் விதித்திருக்கிறார்கள், வரவேற்கிறேன். குளிர்ந்த அறையிலும் பதினான்கு மணி பதினான்கு மணிதானே!

இங்கே பொருளாதார ஆராய்ச்சிக்கு வேலை இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் பெல்சர், 1980-ல் அந்நாட்டு லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பின் ஓட்டுநர் ஊதியம் எப்படித் தேய்ந்தது, உழைப்பு நேரம் எப்படி நீண்டது என்பதை நூலாக எழுதினார். ஊதியத்தைக் கணிசமாக உயர்த்திய ஒரு பெரிய லாரி நிறுவனத்தில் விபத்துக்கள் குறைந்ததை அவரும் தோழர்களும் கணக்கிட்டுக் காட்டினர். கூலி என்பது கருணையன்று, பாதுகாப்பு என்பதற்கு அது சான்று. அப்படிப்பட்ட கணக்கை எளாவூர்ச் சாலைக்கு யார் போடுவது? 2017-ல் சரக்கு, சேவை வரி வந்தது. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுபட்டன. வண்டி நின்ற நேரம் குறைந்தது. மிஞ்சிய நேரம் ஓட்டுநருக்கு உறக்கமாயிற்றா, முதலாளிக்கு இன்னொரு நடையாயிற்றா? மாணவன் ஒருவன் ஓராண்டு அலைந்தால் விடை கிடைத்துவிடும்.

புதிய வழியும் அன்று இது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்து, 1918-ல் அதை நூலாக்கினார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு நூறாண்டுக்கு முன் தோன்றியது நம்மவர்க்குத் தோன்றலாகாதா? இருவேல்பட்டுக்குச் சென்ற கால்கள் கும்மிடிப்பூண்டி லாரி நிலையத்துக்குச் செல்லலாகாதா?

செல்லாததன் காரணம் பணம். நாட்டு வருவாயில் நூற்றுக்கு ஒன்றுகூட ஆராய்ச்சிக்குச் செலவிடாத நாடு நம் நாடு. அரசாங்கக் கணக்கே 0.64 சதம் என்கிறது. 2023-ல் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைச் சட்டமியற்றி அமைத்தார்கள். ஐந்தாண்டில் ஐம்பதாயிரம் கோடி என்று முழங்கினார்கள். அதில் முப்பத்தாறாயிரம் கோடி அரசாங்கத்துக்கு வெளியிலிருந்து, பெரும்பகுதி தொழில் நிறுவனங்களிடமிருந்து, வரவேண்டும் என்றார்கள்! பணம் தருவோர் கேள்வியையும் தருவர். மருந்துக் கம்பெனி கடற்பஞ்சுக்குத் தரும். கருவிக் கம்பெனி பலூன் குழாய்க்குத் தரும். ஓட்டுநர் எத்தனை மணி உறங்கினார் என்று கணக்கெடுக்க எந்தச் சரக்கு நிறுவனம் தரும்? அந்தக் கேள்விக்கு மக்கள் வரிப்பணம் ஒன்றே புகலிடம். மாநில ஆட்சி எவர் கையிலிருப்பினும் அதை ஒதுக்கும் கடமை அவர்க்கு உண்டு.

திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, நற்பணி. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் நீரிழிவு மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றது, அதுவும் நற்பணி. ஆனால் ஓட்டுநர் வீட்டில் இருப்பதில்லையே! அவர் வாயில் லாரியின் கதவு. ஆகவே மாத்திரை லாரி நிலையத்துக்கும் டீசல் பங்குக்கும் போகட்டும். திருவள்ளூர்க் கல்லூரியில் குருதிக்குழாய் அறுவைக்கென நிரந்தர வல்லுநர் இருக்கட்டும். அடைப்பு ஏற்பட்ட சில மணிக்குள் காலைக் காப்பாற்ற வேண்டும், சென்னைப் போக்குவரத்து நெரிசல் அந்த மணியைத் தின்றுவிடும். பழவேற்காட்டு மீனவன் வலையில் வரும் உயிர்களை ஆராய்ந்து மருந்து கண்டால், 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அவனுக்குரிய பங்கு ஏட்டில் நில்லாமல் குப்பத்துக்கு வந்து சேரட்டும். மாணவர் எழுதும் ஆராய்ச்சி ஏடு எதுவாயினும் அதன் சாரம் பத்துப் பக்கத் தமிழில் அச்சாகட்டும்.

அதற்கெல்லாம் முன்னே, சட்டமன்றத்தில் நம் உறுப்பினர் எழுந்து கேட்பதற்கு ஒரு கேள்வியை எழுதித் தருகிறேன். திருவள்ளூர் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் சென்ற ஐந்தாண்டில் அகற்றப்பட்ட கால்கள் எத்தனை. அவற்றுள் ஓட்டுநர், கிளீனர் கால்கள் எத்தனை. அவர்களில் எத்தனை பேர் பத்துக்குக் குறைந்த தொழிலாளர் உள்ள இடத்தில் வேலை பார்த்தவர்கள்?