கூவுவது ஆண் குயில்

சித்திரை பிறக்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தின் வளவுகளில் விடியுமுன்பே குயில் கூவத் தொடங்கிவிடும். ஒரு கூவலை விட அடுத்தது சற்று ஏறி, அதற்கடுத்தது இன்னும் ஏறி, உச்சத்தில் சட்டென்று அறுந்துபோகும். சிங்கள மக்கள் இதைக் கொஹா என்பார்கள். அது கூவினால் அவர்களுக்குப் புத்தாண்டு வந்துவிட்டது. மாமரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், இலைகளுக்குள்ளே கறுப்பு மினுக்கமும் சிவந்த கண்ணும் தெரியும். அது ஆண். பெண் குயில் கறுப்பே அல்ல. மண்ணிற உடம்பு, அதில் வெள்ளைப் புள்ளிகளும் வரிகளும். அது அப்படிக் கூவுவதும் இல்லை. காகம் துரத்தும்போதும் கொப்பு மாறும்போதும் 'கிக் கிக் கிக்' என்று விரைந்து கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்கும் பலர் வேறேதோ பறவை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் தமிழ் அந்தக் குரலைப் பெண்ணுக்கே கொடுத்திருக்கிறது. பாரதியின் குயில் பாட்டில் காதலைப் பாடுவது பெண் குயில். கோயிலில் தேவாரம் பாடும் சிறுமியைக் கேட்டால் "குயில் மாதிரிக் குரல்" என்கிறோம். கவிதைக்கு அந்த உரிமை உண்டு, அதில் குறை காண ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது காதின் பழக்கத்தை. எந்தக் குரல் யாருடையதாய் இருக்கவேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டுத்தான் மனிதக் காது கேட்கத் தொடங்குகிறது.

அதே வளவின் வேலியோரத்தில் நடந்து திரியும் செண்பகமும் குயில் குடும்பத்துப் பறவைதான். அங்கே கதை வேறு. ஆணும் பெண்ணும் மாறிமாறிக் குரல் கொடுக்கும். அப்படிச் சேர்ந்து ஒலிக்கும்போது தாழ்ந்த, கனத்த குரல் பெண்ணுடையது. ஒரே குடும்பத்தில், ஒரே வளவில், இரண்டு வேறு ஏற்பாடுகள்.

பாடும் பறவைகளில் ஆண் பெண் குரல் வேறுபாடு மூளையில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 1976 இல் ஒரு விடை வந்தது. நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ நொட்டபோமும் ஆர்தர் ஆர்னல்டும் கனேரிக் குருவி, சீப்ரா பிஞ்ச் ஆகியவற்றின் மூளைகளை வெட்டிப் பார்த்தார்கள். பாட்டை இயக்கும் நரம்புத் திரள்கள் பெண்ணை விட ஆணில் பல மடங்கு பெரிதாக இருந்தன. முள்ளந்தண்டுள்ள ஓர் உயிரின் மூளையில் ஆண் பெண் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அதுவரை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கூட்டில் வளர்க்கும் சீப்ரா பிஞ்சில் பெண் பாடுவதில்லை. ஆண் குஞ்சு தகப்பனின் பாட்டைக் கேட்டுக் கேட்டு, உளறி உளறிப் பழகுகிறது, பிள்ளை மழலை பேசிப் பழகுவதைப் போல.

ஆண் பெண் மூளைகளுக்கு இடையிலான அந்த இடைவெளி பொரித்த அன்றே முடிந்துபோன ஒன்றல்ல. குஞ்சு வளர வளரத்தான் விரிகிறது. பெண்ணின் மூளையில் அந்தத் திரளொன்றின் நரம்புக்கலங்கள் சுருங்கி இறந்துபோகின்றன என்று மசகாசு கொனிஷியும் அகுதகாவாவும் 1985 இல் காட்டினார்கள். அதற்கு ஐந்து வருடம் முந்தியே, பொரித்த பெண் குஞ்சுக்கு ஈஸ்ட்ரஜன் கொடுத்தால் அந்தத் திரள்கள் ஆணினுடையவை போல வளரும் என்று தெரிந்திருந்தது. பெண் ஓமோன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே ஆண் பாட்டின் வழியைத் திறந்துவிடுகிறது! சரி, எல்லாம் ஓமோனின் வேலையா? 2003 இல் வெளியான ஓர் ஆய்வில் வலது பாதி ஆணாகவும் இடது பாதி பெண்ணாகவும் பிறந்த ஒரு சீப்ரா பிஞ்ச் வந்தது. இரு பாதியிலும் ஓடியது ஒரே இரத்தம், ஒரே ஓமோன். இருந்தும் ஆண் பாதியின் பாட்டுத் திரள் பெரிதாக இருந்தது. கலத்தின் சொந்தப் பரம்பரை அலகுகளுக்கும் இதில் கை உண்டு என்பதற்கு அந்த ஒற்றைப் பறவை சாட்சி.

பாடுவது ஆணின் வேலை என்ற முடிவுக்கு உலகம் முன்பே வந்துவிட்டிருந்தது. 1871 இல் டார்வின் பறவைப் பாட்டைப் பெண்ணைக் கவரும் ஆணின் கலையாக விளக்கினார். ஐரோப்பாவின் குளிர்நிலத் தோட்டங்களில் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 2014 இல் ஆய்வாளர் கரன் ஓடமும் தோழர்களும் உலகெங்கும் உள்ள பாடும் பறவைகளின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். விவரம் கிடைத்த இனங்களில் 71 வீதத்தில் பெண்ணும் பாடுகிறது. இந்தப் பறவைகளின் மூதாதையரிடையேயும் பெண் பாடியிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஆகவே பெண் ஏன் பாடவில்லை என்ற கேள்வி, பாடிய பெண் சில இனங்களில் ஏன் நிறுத்திக்கொண்டது என்று மாறிவிட்டது. பெண் பறவையின் பாட்டைத் தேடிச் சென்ற ஆய்வாளர்களில் பலர் பெண்கள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

மனிதப் பிள்ளைக்கு வருவோம். பேச்சோடு தொடர்புடைய பொக்ஸ்-பி-2 என்ற பரம்பரை அலகு 2001 இல் இனங்காணப்பட்டது. 2013 இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தார் எலிக்குஞ்சுகளில் அதன் புரதத்தை அளந்தார்கள். தாயைப் பிரித்தால் ஆண் குஞ்சுதான் கூடுதலாகக் கத்தியது. தாயும் அதைத்தான் முதலில் தூக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோனது. புரதத்தைக் குறைத்தபோது அந்த ஆண் பெண் வேறுபாடு மறைந்தது. மிகச் சில மனிதப் பிள்ளைகளின் மூளைத் திசுவில் பார்த்தபோது சிறுமிகளிடம் அந்தப் புரதம் கூடுதலாக இருந்தது. இவ்வளவுதான் சேதி. பத்திரிகைகள் அதைத் தூக்கிக்கொண்டு, பெண் நாளுக்கு 20,000 சொல்லும் ஆண் 7,000 சொல்லும் பேசுவதன் காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதின. அந்தக் கணக்கே பொய். 2007 இல் 396 மாணவர்களின் பேச்சைப் பதிவுசெய்து எண்ணியபோது இரு பாலாரும் ஏறத்தாழ 16,000 சொல் பேசினார்கள். 2025 இல் வந்த பெரிய ஆய்வில் 25 முதல் 64 வயது வரையான பெண்கள் சராசரியில் ஏறத்தாழ 3,000 சொல் கூடுதலாகப் பேசுவது தெரிந்தது. பிள்ளை வளர்க்கும் வயதும் அதற்குள்தான் வருகிறது. ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமோ இதை விட எவ்வளவோ பெரிது.

பெண்ணின் பேச்சைக் காது எப்படி எடைபோடுகிறது என்று அறிய, கொடிகாமம் சந்தையில் ஒரு காலை நின்று கேட்டால் போதும். பருத்தித்துறைப் பக்கமிருந்து தட்டிவானில் கடகத்தோடு வந்திறங்கிய பெண் வியாபாரிகள் பலரின் பிள்ளைகளைப் படிக்கவைத்தது அவர்கள் விலை கூறும் குரல். உரக்க விலை கூறும் ஆணைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். அதே விலையை அதே சத்தத்தில் சொல்பவள் வாய்க்காரி. அந்தச் சொல்லைக் கேட்டே வளர்கிற பெண்பிள்ளைகள் வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காமல் இருக்கிறார்கள். இது மூளையில் விளைந்த வேறுபாடு என்று யார் சொல்லமுடியும்?

காதின் இந்த முன்முடிவால் ஆண்பிள்ளைகளுக்கும் கேடுதான். இரண்டு வயதாகியும் பேசாத மகனைப் பற்றித் தாய் கவலைப்பட்டால், "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: பெண்பிள்ளைகள் சராசரியில் சில வாரமோ மாதமோ முந்திப் பேசத் தொடங்குகிறார்கள். ஆனால் பேச்சுத் தாமதமும் ஓட்டிசமும் ஆண்பிள்ளைகளில்தான் கூடுதலாகக் கண்டறியப்படுகின்றன. அப்படியென்றால் ஆண்பிள்ளை என்பது காத்திருப்பதற்கான காரணமல்ல, விரைந்து மருத்துவரிடம் காட்டுவதற்கான காரணம். மறுபுறத்தில், பேசாத சிறுமியை அடக்கமான பிள்ளை என்று மெச்சி, அவளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றரை வயது ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் நாள் எல்லா வீட்டிலும் வருகிறது. எடை பார்த்துக் கொப்பியில் பதிந்ததும் எழும்பிவிடாமல், பிள்ளை எத்தனை சொல் சொல்கிறது, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதைத் தாயே குடும்பநல உத்தியோகத்தரிடம் எடுத்துச் சொல்லலாம். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால், மகனோ மகளோ, அடுத்த கிளினிக் நாள் வரை பொறுத்திருக்கத் தேவையில்லை.