ஒலியைக் கூட்டுவதா, ஒலிபெருக்கியை நகர்த்துவதா?



ஒலிப்பதிவைக் கொண்டு சொல்வதெழுதுதல் நடத்தினேன். ‘பள்ளி’ என்பதற்குப் பலர் ‘பல்லி’ என எழுதினர். கடிந்துகொண்டேன். பின்வரிசையில் அமர்ந்து நானே கேட்டபோதுதான் தவறு என்னுடையது எனப் புரிந்தது.

மூலையில் வைத்த ஒலிபெருக்கி தாழொலியை மிகுவிக்கும். சிமெண்டுச் சுவரும் வெறுந்தரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும். அம்முழக்கத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு கரைந்துவிடும்.

வகுப்பறையில் எதிர்முழக்கம் ஏறத்தாழ 0.6 நொடியும், பின்னணி இரைச்சல் 35 டெசிபலுமே இருக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் பரிந்துரைத்தது.

வீட்டுக்கும் இது பொருந்தும். கோல சிலாங்கூர்த் தோட்டங்களின் பலகை வீடுகளை விட்டுக் கல்வீட்டுக்குக் குடிபெயர்ந்தோர் பலர். அங்கே மின்னல் பண்பலைச் செய்தி தெளிவாகக் கேட்கவில்லையெனில் ஒலியைக் கூட்டாதீர்கள். ஒலிபெருக்கியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, அமர்ந்திருப்பவரின் காதுயரத்தில் வையுங்கள். தடித்த திரைச்சீலை தொங்கவிடுங்கள். தரையில் கம்பளம் விரியுங்கள்.

புதிய ஒலிபெருக்கிக்கு நிதி திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முதலில் வகுப்பறைக்குத் திரைச்சீலை தைக்கட்டும் என்பதே என் கருத்து. செவியில் சரியாக விழாத எழுத்து நாவில் சரியாக வாராது.

சிந்திப்போம், செயல்படுவோம்.