ஏழு பேர்ச்சை அளக்க எத்தனை காலம்?

மலையகத்தின் பழைய துரை பங்களாக்கள் சில இப்போது சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. அப்படி ஒன்றின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தியோடலைற்றைப் பார்த்தேன். துலக்கிய பித்தளை, கிடையாக ஒரு வட்டம், நிலைக்குத்தாக ஒரு வட்டம், நடுவில் சிறு தொலைகாட்டி. பக்கத்து அட்டையில் ‘பழங்கால அலங்காரப் பொருள்’ என்று எழுதியிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவர்களுக்கு இது அந்நியமான கருவியல்ல. ஒரு கோட்டின் நீளத்தைச் சங்கிலியால் அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையுச்சியைப் பார்த்துக் கோணங்களை எடுத்தால் போதும். மற்ற இரு பக்கங்களையும் சைன் விதி தந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படித்தான் 1802இல் சென்னையில் வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய அளவையைப் பின்வந்தவர்கள் இமயம் வரை கொண்டு சென்றார்கள். அவருடைய தியோடலைற்று அரைத் தொன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. லாம்ப்டன் ஆறு வாரம் போராடி அதைச் சரிசெய்தார். கருவிக்குப் பட்ட அடி வரலாற்றில் இருக்கிறது. கயிறு இழுத்தவர்களின் பெயர்கள் இல்லை.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இலேயே உருவானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. சங்கிலியும் கோணக் கருவியுமாக எல்லை போட்டு, ஏக்கர் கணக்கில் கோப்பித் தோட்டங்களுக்கு விற்றார்கள். பிறகு தேயிலை வந்தது. நம் மாவட்டத்தின் பிதுருதலாகலைதான் இலங்கை வரைபடங்களின் ஆள்கூறுகளுக்கே மையம். காலிக் கோட்டை எங்கே இருக்கிறது என்பதையும் அந்த மலையிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள்.

அந்த மலையடியில் லயத்தில் வாழும் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு விலாசம் இல்லை. ஹற்றன் பசாரில் இருக்கும் வாப்பாவின் கடை விலாசத்துக்குத்தான் தோட்டத்து ஆட்கள் சிலரின் கடிதங்கள் வருகின்றன. அவற்றை லாச்சியில் அடுக்கி வைப்பது என் வேலை. கடைக் காணியின் உறுதியோடு நில அளவைப் படம் இருக்கிறது: வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்த ஒழுங்கை, பரப்பு தசமப் புள்ளி வரை. கடிதம் எடுக்க வருபவர்களுக்கு அப்படியொரு தாள் கிடையாது. ஒரு அறையைக் கூட்டிக் கட்டவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று அரசு சொல்லிப் பல ஆண்டுகளாகிவிட்டன. 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர்தான். சில தோட்டங்களில் வீடுகளும் உறுதிகளும் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் ஏராளமான குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. மண்சரிவு ஆபத்து என்றால் ஏற்றுக்கொள்வேன். அதற்கு வேறு இடம் தேடத்தான் வேண்டும். அளப்பது கடினம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. காடும் அட்டையுமாக இருந்த இதே சரிவுகளைத்தான் பித்தளைக் கருவியைச் சுமந்து ஏறி அளந்து முடித்தார்கள். இன்றைய அளவையாளரின் கையில் செய்மதி பார்த்து இடம் சொல்லும் கருவி இருக்கிறது.

விடுதிக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை. அந்த அட்டையை மாற்றுங்கள். இந்தப் பங்களாவுக்குரிய தோட்டம் எத்தனை ஏக்கர், அதில் இன்று எத்தனை குடும்பங்களிடம் காணி உறுதி இருக்கிறது என்று எழுதுங்கள். தொகை கூடும்போது மறுபடி ஒரு புது அட்டை வைக்கலாம்.