நோய்க்கு முன் எழுத வேண்டிய குறிப்பு

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாக உதயமாகி, நான்கு மாதங்கள் நிறையுமுன்னரே தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது; 2020 மே மாதத்தில், கோயம்பேடு அங்காடியிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளரோடு கோவிட் தொற்றும் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட 2022 ஜனவரிக்குள் இரண்டு பேரலைகள் கடந்துவிட்டன. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. எனினும், இடைத்திசு நுரையீரல் நோயாளிகளைப் பொறுத்தவரை அபாயம் இன்னும் நீங்கியபாடில்லை.

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் கோவிட்டுக்காக அனுமதிக்கப்பட்ட இத்தகைய நோயாளிகள் 161 பேரை, வயது, பால், உடனுறை நோய்கள் ஆகியவற்றில் ஒத்த ஏனையோருடன் ஒப்பிட்டு நோக்கியதில், முன்னவருள் நூற்றுக்கு 49 பேரும் பின்னவருள் 35 பேரும் மாண்டனர். மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்க்கத்தக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழிருந்தோருக்கு அபாயம் பின்னும் மிகுந்தது. இவை தடுப்பூசிக்கு முந்திய காலத்துக் கணக்குகளே. ஆயினும் அவை காட்டும் திசையில் ஐயமில்லை.

அபூர்வ வியாதி நம் பக்கத்தில் ஏது என்று கேட்போர், 19 நகரங்களில் 1,084 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான இந்தியப் பதிவேட்டைக் காண்க. அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது, சுவாசத்தில் புகும் தூசியாலும் பூஞ்சணத்தாலும் விளையும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் உள்ள நம் மாவட்டத்தில், பூஞ்சணம் பிடித்த கரும்புச் சக்கையின் தூசி நோய்க்காரணமாகக்கூடும் என்பதை நினைவில் இருத்தி, எந்தத் தொழில், எந்த அடுப்பு, எந்தக் களம் என்று வினவுவது வைத்தியரின் கடமை. வினவாவிடில், வறட்டு இருமலோடு வருபவர் காசநோயாளி என்றோ ஆஸ்துமாக்காரர் என்றோ ஆண்டுக்கணக்கில் மருந்துண்பார். அடிநுரையீரலில் வெல்க்ரோவைப் பிரிப்பது போன்ற ஒலியும், பருத்த விரல்நுனியும் எவர் கவனத்துக்கும் வாரா.

கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கிவரும், இடைத்திசு நுரையீரல் நோயுள்ள மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் இரண்டு நாள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 95 காட்டுகிறது. 94க்குக் குறையவில்லையாதலால் லேசான நோய் என எழுதி அனுப்பிவிடுகிறோம். ஆனால் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லியிருந்தால் அது 86க்கு வீழ்ந்திருக்கும். மாறாக, எப்போதுமே 91இல் வாழும் மற்றொருவரை, அவருடைய வழக்கமான அளவு அறியாமையால், நடுத்தர நோயாளி எனக் கொண்டு டெக்ஸாமெத்தசோன் தொடங்கிவிடக்கூடும். பிராணவாயு தேவைப்படாதோருக்கு அம்மருந்தால் நன்மை காணப்படவில்லை என்பதோ பரிசோதனையில் தெளிந்த விஷயம். அன்றியும், கருத்த மேனியருக்கு இக்கருவி உண்மையினும் கூடுதலாகக் காட்டுவதுண்டு என அமெரிக்க ஆய்வு ஒன்று 2020இலேயே எச்சரித்தது.

ஆதலின், நோயில்லாத நாளிலேயே எடுத்த அளவு இன்றி, நோயுற்ற நாளில் காணும் எண்ணுக்குப் பொருளில்லை. அமர்ந்திருக்கையில் ஒன்றும் முயற்சிக்குப் பின் ஒன்றுமாக இரு அளவுகள், உண்ணும் மருந்துகள், போட்ட தடுப்பூசிகள் ஆகிய இவை ஒவ்வொரு நோயாளியின் கைக்குறிப்பேட்டிலும் இருத்தல் வேண்டும். ரிட்டுக்ஸிமாப் பெறுவோரிடம் தடுப்பூசியின் பயன் குன்றுமாதலால் ஊசிக்கான காலத்தை முன்கூட்டியே திட்டமிடுவதும், நெடுநாள் ஸ்டீராய்டைத் தொற்றின் அச்சத்தால் திடீரென நிறுத்தாதிருப்பதும் இன்றியமையாதன. 2021 ஆகஸ்ட் முதல் வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களிடம் ஆக்சிமீட்டர் ஒன்றும் இக்குறிப்புக்குரிய படிவமும் கொடுத்தால், மலைவாழ் நோயாளிக்கு அடிவாரம் வரை இறங்கும் சிரமம் மிச்சமாகும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய நிபுணரோ வேண்டியதில்லை. முதலில் நோய்க்கு அதன் பெயரைச் சரியாக இடும் பொறுமை நம்மிடம் வேண்டும்.