சாப்பிட்டதும் வருகிற வலி

நம் வீடுகளில் வயிற்றுவலிக்கு ஒரே பெயர்தான். கேஸ்ட்ரிக். பசியாறாமல் வேலைக்குப் போனால் கேஸ்ட்ரிக், காரம் கூடினால் கேஸ்ட்ரிக், மகன் போன் பண்ணவில்லை என்று கவலைப்பட்டால் அதற்கும் கேஸ்ட்ரிக். வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும் நாள்களில் அழைக்கிற நேயர்கள் பலரும் இந்தச் சொல்லில்தான் தொடங்குவார்கள். "எனக்குப் பத்து வருசமா கேஸ்ட்ரிக் தம்பி" என்பார்கள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

காப்பாரில் இருக்கும் என் பெரியம்மாவின் வலிக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். வயது 68. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. சோறு சாப்பிட்டு அரை மணி நேரம் ஆனால் தொப்புளைச் சுற்றி வலி பிடிக்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். வலிக்குப் பயந்து இரண்டு கரண்டி சோறு ஒரு கரண்டி ஆனது, பிறகு ரொட்டியும் மைலோவும் என்றானது. கல்யாண விருந்துக்குப் போனால், "வீட்லயே சாப்பிட்டேன்மா" என்று ஒதுங்கிக்கொள்வார். ஏழெட்டு மாதத்தில் 11 கிலோ இறங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் "டயட்டா?" என்று கேட்டுப் பாராட்டினார்கள்! வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் எதுவும் இல்லை என்றார்கள். எல்லோருக்கும் நிம்மதி, அவரைத் தவிர.

பிறகு ஓர் இளம் டாக்டர் இரண்டு கேள்விகள் கேட்டார். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வலிக்கிறது? சாப்பிடவே பயமாக இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குப் பெரியம்மா பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டார்.

குடலுக்கு ரத்தம் கொண்டுபோக மூன்று முக்கியக் குழாய்கள் உண்டு. நாம் சும்மா இருக்கும்போதே, இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்டால் இன்னும் அதிகம் வேண்டும். குழாய்க்குள் கொழுப்புப் படிந்து குறுகியிருந்தால் அந்தக் கூடுதல் ரத்தம் வந்து சேராது. இதயக் குழாய் குறுகியவருக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கிறதல்லவா? குடலுக்குச் சாப்பாடுதான் மாடிப்படி. மூன்று குழாய்களும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்பதால், பெரும்பாலும் இரண்டு குறுகிய பிறகுதான் வலி தெரிய ஆரம்பிக்கும். அதாவது, வலி வரும்போதே காரியம் பாதி கெட்டிருக்கும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1936-இல் பாஸ்டனைச் சேர்ந்த டன்ஃபி என்ற மருத்துவர், குடல் ரத்தக்குழாய் அடைத்து இறந்த 12 பேரின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். அவர்களில் 7 பேருக்கு அதற்கு முன்பே வயிற்றுவலி இருந்திருக்கிறது.

அரிய நோய்தான், மறுக்கவில்லை. சாப்பிட்டால் வலிக்கிற எல்லோருக்கும் இதுதான் என்று பயந்துவிடாதீர்கள். ஆனால் ரத்தக்குழாயைக் கெடுக்கிற சிகரெட், இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. இன்னொன்று, மெல்ல மெல்லக் குறுகி வரும் இந்த வகை ஆண்களைவிடப் பெண்களிடம்தான் அதிகம். "பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்று நம் அம்மாக்கள் சொன்னால் யார் சந்தேகப்படுகிறோம்?

கண்டுபிடிக்க சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். கையில் ஊசி வழியாகச் சாயம் செலுத்திக் குழாய்களைப் படம் பிடிக்கும் பரிசோதனை அது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறுகிய இடத்தில் ஸ்டென்ட் வைக்கலாம், இல்லாவிட்டால் பைபாஸ் செய்யலாம். பெரியம்மாவுக்கு ஸ்டென்ட். இப்போது கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுகிறார், அப்பளம் கேட்டு வாங்குகிறார்.

இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. குழாய் திடீரென்று முழுதாக அடைத்துக்கொள்வது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு, இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி நழுவிப் போய்க் குடல் குழாயில் சிக்கிவிடும். வலியில் ஆள் துடிப்பார், வாந்தி வரலாம், வயிற்றுப்போக்கும் வரலாம். ஆனால் வயிற்றை அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். பார்ப்பவருக்கு "இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்று தோன்றும். அந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம். ரத்தம் கிடைக்காத குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். தாமதமானால் பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

அதனால் இரவு இரண்டு மணிக்கு வீட்டுப் பெரியவர் இப்படித் துடித்தால், ஓமத் தண்ணீரும் மினியாக் அங்கினும் போட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காப்பார் சாலையில் அந்த நேரத்தில் வாகனங்களும் குறைவு. 999-ஐ அழையுங்கள், அல்லது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே கேட்கும்போது "கேஸ்ட்ரிக்" என்று நீங்களே முடிவு சொல்லிவிட வேண்டாம். எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, இதயத் துடிப்பில் கோளாறு உண்டா, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை இடையில் நிறுத்தினாரா என்று சொல்லுங்கள். மருந்துப் பையையும் மறக்காமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.