கறுப்புத் திரைக்குப் பயப்படலாமா?



லேபில் மவுஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொன்னால், "அதெல்லாம் இன்ஜினியரிங் பசங்களுக்குடா" என்று ஒதுங்கிவிடுகிறோம். அதுதான் நமக்கு ஏற்ற வேலை என்பது என் கட்சி.

மின்னஞ்சல் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு ஊரில், குளிரூட்டிய அறையில், திரையும் மவுஸும் இல்லாமல் அது ஓடிக்கொண்டிருக்கும். அணுபுரத்தில் உட்கார்ந்தே அதைக் கவனிக்கலாம். எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு போதும். 1995இல் பின்லாந்தில் டாட்டு இலோனன் அதை எழுதினார். அவருடைய பல்கலைக்கழக வலையில் யாரோ கடவுச்சொற்களைத் திருடியதுதான் காரணம். அதுவரை டெல்நெட்டில் கடவுச்சொல், தபால் கார்டில் எழுதின மாதிரி திறந்தே போகும். எஸ்.எஸ்.எச்.சில் போவதும் வெறும் எழுத்துகள்தான். ஆனால் பூட்டிப் போகும். மந்தமான இணைப்பும் பழைய கணிப்பொறியும் தாங்கும். சொந்த லேப்டாப் இல்லாத நமக்கு இது சின்ன விஷயமா?

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் "போஸ்ட்கியூ -பி" என்று அடித்தால், போகாமல் தேங்கிய கடிதங்கள் காரணத்தோடு வரிசையாக வரும். சாதாரணமாக 5 நாள் வரை அது திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அப்புறம் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அதற்குள் யாராவது கவனிக்கணும். ராத்திரி முழுக்க முழித்திருக்க முடியுமா? அதற்குத்தான் ஸ்கிரிப்ட். பத்துப் பதினைந்து வரி எழுதி, கிரான் என்ற நேரக்காவலனிடம் ஒப்படைத்தால், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தேக்கத்தை எண்ணும், டிஸ்க்கில் இடம் பார்க்கும், அளவு மீறினால் நம்ம செல்போனுக்குச் செய்தி தரும். (அந்தச் செய்தியை அதே சர்வர் வழியாக மெயிலில் அனுப்பாதீர்கள், அதுவே படுத்திருக்குமே!)

எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். இதை விளக்கினபோது அப்பா, "அப்ப போஸ்ட் ஆபீஸ்ல சார்ட்டிங் பாக்குற வேலையா?" என்றார். ஏறக்குறைய அதேதான். தேங்கிய கடிதங்களில் யாரோ ஒருவருடைய இன்டர்வியூ அழைப்பும் இருக்கலாம்.

"கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் இருக்க, சர்வர் நமக்கெதுக்கு?" என்பார்கள். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோவுக்கு மாறியதாக 2025இல் செய்தி வந்தது. 1996இல் நெட்வொர்க் நிர்வாக மென்பொருளோடு தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெரிய வளாகம் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரி பக்கம்தான் இருக்கிறது. யார் பெயரில் நடந்தாலும், பின்னால் ஒரு சர்வரும் அதைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

ஆனால் ஒன்று. "போஸ்ட்சூப்பர் -டி ஆல்" என்ற ஒரே வரி, தேங்கிய கடிதம் அத்தனையையும் அழித்துவிடும். "நிச்சயமா?" என்று கேட்காது. அழிக்கிற ஸ்கிரிப்டை, முதலில் பட்டியல் மட்டும் காட்டும்படி எழுதி ஓட்டிப் பார்க்கணும். தூரத்திலிருந்து நாம் நுழையும் வழியில் மற்றவனும் நுழையப் பார்ப்பான். 2019இல் கூடங்குளம் நிர்வாக வலையில், இணையத்தோடு சேர்ந்த ஒரு கணிப்பொறியில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலை தனி, அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அந்தப் பிரிப்பின் அருமை அணுபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டாம்.

நம்ம பேரவை கேட்க வேண்டியது வாரத்துக்கு ஒரு லேப் வகுப்பு. ஒதுக்கிப் போட்ட கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, லேபுக்குள் மட்டும் கடிதம் போகும் சர்வர் ஒன்று அமைக்கலாம். வெளி இணைப்பே வேண்டாம். அதில் யார் வேண்டுமானாலும் "ஆல்" அடித்துப் பார்க்கட்டும். போவது நம்ம கடிதம்தானே!