முதுகு நனைகிறதா, முதலில் பாருங்கள்

பெட்டாலிங் ஜெயா வீட்டின் பின்புறம் புல் மண்டிவிட்டதே என்று போன மாதம் ஒரு மருந்துப் பம்பு வாங்கினேன். முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்படித்து, மறு கையால் தெளிக்கும் 16 லிட்டர் பம்பு. வந்திருந்த பெரியம்மா விலையைக் கேட்கவில்லை. கவிழ்த்துப் போட்டு அடிப்பக்க வாஷரை விரலால் தடவினார். "வெறும் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் தூக்கிப் பாரு. ஒழுகலைன்னா அப்புறம் மருந்து" என்றார்.

முதலில் ரப்பர், பிறகு செம்பனை என்று தோட்டத்தில் மருந்தடித்தவர் அவர். வாஷர் தேய்ந்த பம்பு முதுகை நனைக்கும். ஈரச் சட்டையோடு மதியம் வரை வேலை. பழுதென்று மண்டோரிடம் சொன்னால், "இன்னிக்கு இதிலேயே அடி" என்பாராம். விஷத்தை மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம், நாமும்.

அன்று தோட்டங்களில் பரவலாக அடித்தது பாராகுவாட். தோலைப் புண்ணாக்கும், நகத்தைக் கெடுக்கும். புண்பட்ட தோல் வழியே உடம்புக்குள்ளும் இறங்கும். மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் படும் பாட்டைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஓர் ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு படிப்படியான தடையை அறிவித்தது. 2006-இல் அது தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். நாம் குடியிருக்கும் பெட்டாலிங் ஜெயாவும் 1950களின் தொடக்கம் வரை எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டமாக இருந்த நிலம்தான்.

இன்று ஹார்ட்வேர் கடையில் வாங்கும் களைக்கொல்லி வேறு. ஆனால் பம்பு அதேதான், ஒழுகும் இடங்களும் அவையேதான்: அடி வாஷர், குழாய் சேரும் இடத்து ஓ-ரிங், கைப்பிடி விசை. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். விலை சில வெள்ளிதான். பூச சிலிக்கான் கிரீஸ் போதும், எஞ்சின் எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும்.

அடித்து முடித்ததும் விசையை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும். சில லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நாசில் வழியாகவே அடித்து வெளியேற்றுங்கள். இப்படி மூன்று முறை. அந்தத் தண்ணீரும் அதே புல்லுக்குத்தான் போக வேண்டும், வாசல் கால்வாய்க்கு அல்ல. வடிகட்டியையும் கழற்றிக் கழுவுங்கள். பிறகு மூடியைத் திறந்து, கவிழ்த்து, நிழலில் காயவிடுங்கள். ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் தெளிக்கத் தனிப் பம்பு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை கழுவினாலும் களைக்கொல்லி கொஞ்சம் தங்கிவிடும்.

நாசிலும் தேயும். புதிதாக இருக்கும்போதே ஒரு நிமிடம் தண்ணீர் அடித்து, அளவுக் குவளையில் பிடித்துக் குறித்து வையுங்கள். பின்னால் அதைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகக் கொட்டினால் மாற்ற வேண்டியதுதான். அடைத்துக்கொண்டால் பழைய பல்துலக்கி போதும். கம்பியால் குத்தினால் துளை அகன்றுவிடும். வாயால் ஊதவே கூடாது. தோட்டத்தில் எல்லாரும் வாயால்தான் ஊதினார்களாம். சொல்லிவிட்டுப் பெரியம்மா புடவை முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.